அம்மாச்சியின் மின்னும் சேலைகள்

என் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு அம்மாச்சி கட்டிக்கொண்டு வந்த சேலையின் நிறத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆரஞ்சு மிட்டாயைத்தான் சொல்ல வேண்டும். உடல் முழுக்க வெள்ளிப் பூ. முந்தானை ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் சம்க்கி வேலை. விருதுநகரில் மண்டபத்து வாசலில் பதினொரு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோது, பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்வீட்டுக்காரர்கள் தெளிக்க மறந்து நின்றார்கள். அவளுக்கு அப்போது எழுபத்தொரு வயது. தாத்தா இறந்து பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

என் தாய்மாமா விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருப்பவர். நாலு பேர் முன்னால் கௌரவமாக நிற்க வேண்டும் என்பதில் கண்ணாக இருப்பவர். அவர் அம்மாச்சியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப் போனார். நான் பூத்தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"எம்மா, என்னம்மா கோலம் இது? நான் எடுத்துக் குடுத்த சுங்குடிச் சேல எங்க?"

"இருக்குடா."

"எங்க இருக்கு? நாலு எடுத்துக் குடுத்தேன். ஒண்ணக்கூட உன் ஒடம்புல நான் பாக்கலயே."

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு."

"ஊர் சிரிக்குதும்மா."

"விசேச வீட்டுக்கு வந்தவுக சிரிக்காம அழவா செய்வாக? போ, போயி சம்மந்தகாரவுகள உக்கார வையி."

மாமா சம்மந்தகாரர்களைப் பார்க்கப் போனார். அவர் எடுத்துக் கொடுத்த நான்கு பருத்திச் சுங்குடிச் சேலைகளும் அந்த நேரத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், நான்கு பெண்களின் இடுப்பில் இருந்தன. மாமாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் பருத்தித் துணி கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வாசலிலேயே போர்டு இருக்கும். நைலான், பாலியஸ்டர் சேலைகள் உரசினால் அவற்றில் மின்சாரம் சேரும். அதிலிருந்து தெறிக்கும் பொறி கண்ணுக்குக்கூடத் தெரியாது. மருந்துக்கு அது போதும். ரூம் கதவருகே ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இதெல்லாம் அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண்களின் பெட்டியில் இருக்கும் சேலை எது? கல்யாணத்துக்கு வந்தது, தீபாவளிக்கு எடுத்தது, அண்ணன்மார் பொங்கலுக்குக் கொடுத்தது எல்லாமே மினுமினுக்கும் சேலைதான். துவைத்தால் அரை மணியில் காயும். கஞ்சி வேண்டாம், தேய்க்க வேண்டாம், சாயம் போகாது. பருத்திச் சேலை விலையும் கூடுதல், இரண்டு வருடத்தில் நைந்தும் போகும். ஆகவே மேலே ஒரு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேன் ஏறிவிடுவார்கள். போர்மேன் சட்டையைப் பார்ப்பார். கீழே பார்ப்பதில்லை.

அம்மாச்சி கீழே பார்ப்பாள்.

கம்பெனி வேன் காலை ஏழே காலுக்கு அவள் வீட்டுக்கு எதிரே இருக்கும் அடிகுழாய்ப் பக்கம் வந்து நிற்கும். ஏழு மணிக்கே அவள் அங்கே போய் நின்றுவிடுவாள். வரும் பெண்களின் சேலையை இரண்டு விரலால் பிடித்து ஒரு கசக்குக் கசக்கி விடுவாள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தி. அவளுக்கு முகம் மலரும். சுருக்கம் விழாமல் வழுக்கிக்கொண்டு போனால், "சாயந்தரம் வீட்டுக்கு வா" என்பாள். சுருக்கம் விழுந்த சேலையைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே பெண்ணை நான் பார்த்திருக்கிறேன் என்றால், அது அம்மாச்சிதான்.

அவளே முப்பத்தொரு வருடம் வெடிக்குழாய்களில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். அவளோடு ஒரே ரூமில் இருந்த ஒருத்தியின் சேலையில் ஒருநாள் தீ பற்றியது. வெடிவிபத்து என்று சொல்லும்படி பெரியதல்ல. கையளவு மருந்துதான். அம்மாச்சி மேலும் அதே தீ பட்டது. அவள் சேலை எரிந்து சாம்பலாகி உதிர்ந்தது. மற்றவளின் சேலை உருகித் தொடையோடு ஒட்டிக்கொண்டது. அவள் பிழைத்தாள், ஆனால் பிறகு காலை மடக்கி உட்கார முடியவில்லை. இதை அம்மாச்சி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மற்ற யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அவள் கத்தரிக்காயைக் காட்டினாள்.

நான் பார்த்த அன்று மூன்று பெண்கள் வந்திருந்தார்கள், மூவரும் வேலைக்குப் புதிது. அம்மாச்சி அடுப்படி வாசலில் இரண்டு கத்தரிக்காய்களை வைத்தாள். ஒரு கிழிசல் பருத்தித் துணியைக் கொளுத்தி முதல் காய்மேல் பிடித்தாள். சாம்பல் விழுந்தது, வாயால் ஊதினாள், போய்விட்டது. பிறகு நைலான் துண்டைக் கொளுத்தி இரண்டாவது காய்மேல் பிடித்தாள். அது சொட்டுச் சொட்டாக உருகி விழுந்து கறுப்பாக ஒட்டியது.

"இப்ப உரிச்சு எடு பாப்போம்," என்றாள் ஒருத்தியிடம்.

அந்தப் பெண் நகத்தால் கிளப்பினாள். சொட்டோடு கத்தரிக்காயின் தோலும் பிய்ந்து வந்தது.

"ஐயோ பாவம், கத்தரிக்காய்க்கு வலிக்கும்ல அம்மாச்சி," என்று இன்னொருத்தி சிரித்தாள்.

"அதுக்கு வாயில்ல. உனக்கு இருக்கு, ஊரக் கூட்டுவ. எந்திரி, எந்திரிச்சு உள்ள வா. எனக்கு இந்த ஊதாச் சேல பிடிச்சிருக்கு, மாத்திக்கிடுவோம்."

எதிர்வீட்டுக்குச் செல்வராணி மருமகளாக வந்த பிறகுதான் இந்த 'மாத்திக்கிடுவோம்' வந்தது. அதற்கு முன்னால் அம்மாச்சி சும்மாதான் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் விருதுநகரில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூட டீச்சர்மார் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டுகிறவர்கள். எனக்குத் தெரிந்த டீச்சர்களிடம் கேட்டு, கிழியாத பழைய சேலைகளை வாங்கி வைப்பது என் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் சாத்தூர் வழியாக பஸ் பிடித்துப் போய்க் கொடுப்பேன். அம்மாச்சி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், "இது அடுப்பு துடைக்க," என்று தனியே வைத்துவிடுவாள். "நான் கட்டமாட்டேன்னு ஒதுக்குறத அடுத்தவளுக்கு எப்படிக் குடுக்க?" மற்றவற்றைத் துவைத்து, வடிகஞ்சி போட்டு, உதறிக் காயவைத்து, பாய்க்கு அடியில் மடித்து வைப்பாள்.

செல்வராணி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். நல்ல உயரம். அப்பா இல்லாமல், தீப்பெட்டி ஒட்டி அம்மா வளர்த்த பெண். கல்யாணத்துக்குப் பதினொரு சேலை கொண்டுவந்தாள். பதினொன்றும் மினுக்கும் சேலை. புருஷன் சிவகாசியில் லாரியில் லோடு ஏற்றுகிறவன். கல்யாணமாகி இரண்டாவது மாதமே அவள் அதே வேனில் ஏறினாள். முதல் நாள் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறம், தங்கக் கொடி. அவளை மருந்து செலுத்தும் ரூமில்தான் போட்டிருந்தார்கள்.

அன்று சாயந்தரம் அம்மாச்சி பாய்க்கு அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை என்பதால் நானும் கூட இருந்தேன். செல்வராணி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மாச்சி விஷயத்தைச் சொல்லிச் சேலையை நீட்டினாள். செல்வராணி கையைக் கழுவினாள். ஆனால் சேலையைத் தொடவில்லை.

"வேண்டாம் அம்மாச்சி."

"நல்ல சேலதான் புள்ள. டீச்சரம்மா கட்டுனது."

"நல்லதாத்தான் இருக்கும். எங்கம்மா எங்க மூணு பேரையும் அடுத்தவுக துணி கட்டவிடாமத்தான் வளத்தாக. கெடந்து கஷ்டப்பட்டப்பவே வாங்கல. இப்ப வாங்குனேன்னு தெரிஞ்சா அவுக வந்து எம் முகத்துல முழிக்க மாட்டாக."

"ஏட்டி, இது ஓசி இல்ல, இது..."

"ஓசிதான அம்மாச்சி?" என்றாள் அவள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

அம்மாச்சி சேலையோடு திரும்பி வந்தாள். அவளுக்கு அப்படி முகம் சுண்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவமா? அவ சொன்னதுல என்னத்தா தப்பு? அம்புட்டு ரோசம் இருக்குறவ. இருக்கட்டும்." சேலையைத் திரும்பப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, "ஆனா திங்கக்கிழம அவ அதே சேலையக் கட்டிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போவா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டில் அம்மாச்சியின் குரல் கேட்டது. இப்படிக் கெஞ்சுகிற குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"நேத்து வந்தது குடுக்க இல்ல தாயி, கேக்க வந்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. உன் மயில்கழுத்துச் சேல மேல எனக்கு ஒரு ஆச."

"எது, நான் கட்டிட்டுப் போனதா?"

"அதான். அவுக போன பொறவு கலரு கட்டுனதே இல்ல. கடைக்குப் போயி எனக்கு ஒண்ணு குடுன்னு கேக்கவும் கூச்சம். எங்கிட்ட இருக்குறது பூரா வெளிறிப்போன நூல் சேல. அதுல ரெண்டு தாரேன், உன் ஒண்ணக் குடு. அக்கா தங்கச்சிக மாத்திக்கிடுறது இல்லையா, அப்படி."

செல்வராணி யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு வேண்டாம் அம்மாச்சி. ஒண்ணுக்கு ஒண்ணு."

அடுத்த வாரம் முழுக்க அம்மாச்சி மயில்கழுத்து நிறத்தில் நடமாடினாள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட முடியாது. கட்டவில்லை என்றால் செல்வராணிக்குச் சந்தேகம் வந்துவிடும். ரேஷன் கடைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனாள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "பாட்டிக்கு இன்னைக்குத்தான் கல்யாணமா?" என்று கேட்டதற்கு, "மாப்பிள்ள பின்னால வாராரு, டிக்கெட் அவருகிட்ட வாங்கிக்க," என்றாள்.

செல்வராணியிடம் பலித்தது எல்லோரிடமும் பலித்தது. சும்மா கொடுத்தபோது வாங்கத் தயங்கிய பெண்கள், மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டதும் வந்தார்கள். சிலர் பேரம்கூடப் பேசினார்கள். ரோஸ், கிளிப்பச்சை, ராமர் நீலம், வெங்காயத்தோல் நிறம் என்று அம்மாச்சியின் பெட்டி நிறைந்தது. வெயில் காலத்தில் அந்தச் சேலை உடம்பில் காற்றுப் புகவிடாது. கழுத்திலும் இடுப்பிலும் அவளுக்கு வேர்க்குரு. நான் பவுடர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சாவு வீடுகளில் அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் செல்வராணி காதுக்குப் போகும்.

இன்னொன்றையும் விடாமல் எழுத வேண்டும். ஒருநாள் மதியம் நான் சொல்லாமல் போய்விட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. அம்மாச்சி சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று, முந்தானையை இடது தோளில் விரித்துப்போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

இந்த ஏற்பாடு ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே நடந்தது. அதைக் கெடுத்தது ஒரு நல்ல மனிதரின் நல்ல மனசு.

அந்தக் கம்பெனி முதலாளி பண்பானவர். அந்த வருடம் சீசன் நன்றாகப் போயிருந்தது. தீபாவளி போனஸோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரு சேலையும் கொடுத்தார். வடக்கே இருந்து மொத்தமாக வரவழைத்தது. மாம்பழ மஞ்சள், பாலியஸ்டர், உடல் முழுக்கப் பொன்பொட்டு. தீபாவளி முடிந்து மூடியிருந்த கம்பெனியைத் திறக்கும் பூசையன்று, எல்லோரும் அதையே கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெண்களுக்கும் சந்தோஷம்தான். அந்தப் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் ரூமுக்குப் போய், தன் வேலையைக் கொஞ்சம் தொட்டுவிட்டு வர வேண்டும். மருந்து செலுத்துகிறவள் ஒரு சிட்டிகை மருந்தாவது செலுத்த வேண்டும். அது பூசை, வேலை இல்லை. அதனால் போர்டில் எழுதியிருப்பது அதற்குப் பொருந்தும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வருடம் முழுவதும் சட்டையைச் சரிபார்க்கும் போர்மேனுக்கும் தோன்றவில்லை.

அம்மாச்சியின் கைராசி மேல் முதலாளிக்கு நம்பிக்கை. வேலையை விட்டுவிட்ட பிறகும் வருடா வருடம் முதல் கை வைக்க அவளைக் கூப்பிடுவார். அன்று எனக்கு விடுமுறை, துணைக்குப் போனேன். அவள் கட்டியிருந்தது செல்வராணியிடம் கடைசியாக வாங்கிய ரோஸ் நிறச் சேலை; மருந்து ரூமுக்குள் போகுமுன் மாற்றிக்கொள்ள ஒரு நூல் சேலையும் பையில் கொண்டுவந்திருந்தாள்.

சாமி கும்பிட்டு முடிந்ததும் மருந்து ரூம் வாசலுக்குப் போனோம். என்னைத் தூரத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்டது. மஞ்சள் சேலையில் பதினான்கு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் செல்வராணி. அம்மாச்சி அவளைப் பார்த்தாள். வரிசை முழுவதையும் கீழிருந்து பார்த்துக்கொண்டே போனாள். பிறகு செம்புத் தகட்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"வாங்க ஆச்சி, நேரம் போகுது," என்றார் முதலாளி.

"போறேன் மொதலாளி. தனியாப் போகத்தான் யோசனையா இருக்கு. நீங்களும் கூட வாங்க."

"வந்துட்டாப் போச்சு."

"இந்தப் பதினாலு பேரையும் கூட்டிக்கிடுவோம். எல்லாரும் ஒரே ரூம்ல. இதே சேலையோட. சேலையும் சேலையும் ஒரச, நெருக்கி உக்காந்து மருந்தத் தொடுவோம். பத்து நிமிசம்."

முதலாளியின் கால் படியில் நின்றது. மேலே போகவில்லை.

"ஏன் நிக்கீக?" என்றாள் அம்மாச்சி.

"என்ன ஆச்சி, நல்ல நாளும் அதுவுமா..."

"மருந்துக்கு நல்ல நாளு தெரியுமா மொதலாளி?"

போர்மேன் குறுக்கே வந்தார். "பாட்டி, பூசைக்கு ஒரு சிட்டிகதான. வேலையா பாக்கப் போறாக?"

"ஒரு சிட்டிக போதும்யா."

பெண்கள் தங்கள் சேலையைத் தாங்களே குனிந்து பார்த்தார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் ஆசையா எடுத்துக் குடுத்தது ஆச்சி," என்றார், மெதுவாக.

"தெரியும். உங்க மனசு தெரிஞ்சுதான் உங்ககிட்டயே சொல்லுதேன். இந்தா, நான் கட்டியிருக்கேனே, இது யார் சேலன்னு நெனைக்கீக? இந்தச் செல்வராணியோட கல்யாணச் சேல. என் பெட்டி பூரா உங்க கம்பெனிப் புள்ளைகளோட சேலதான். இந்த வயசுல நான் ஆசப்பட்டா கட்டிக்கிட்டுத் திரியுதேன்? அவ ஒடம்புல இருக்கக் கூடாதுன்னு என் ஒடம்புல சுத்தியிருக்கேன். நீங்க புதுசா ஒண்ணு குடுத்து மறுபடி கட்டி விட்டுட்டீக."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறாள் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பினாள். செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி படியிலிருந்து இறங்கினார். "இன்னைக்கு யாரும் மருந்தத் தொட வேண்டாம்," என்றார். நல்ல நேரம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. என்ன செய்வது என்று போர்மேன் கேட்டார். "வெறுங்குழாய உருட்டச் சொல்லுங்க. காகிதத்துக்கும் சாமி கண்ணத் தொறக்கும்," என்றாள் அம்மாச்சி. பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காகிதக் குழாய் உருட்டினார்கள். முதல் குழாயை அம்மாச்சி உருட்டினாள். அடுத்த தீபாவளியிலிருந்து அந்தக் கம்பெனியில் போனஸ் சேலை பருத்திதான். முதல் வருடம், "தீபாவளிக்கு இப்படியா சப்புன்னு ஒரு சேல குடுப்பாக?" என்று பெண்கள் அம்மாச்சியைத்தான் திட்டினார்கள். என் குறிப்பேட்டில் பூசையன்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: 'இவள் என் அம்மாவைப் பெற்றவள்.' வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது வேனில் செல்வராணி கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாச்சி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். "கெட்டுப்போச்சுத்தா," என்றாள் என்னிடம். "திங்கக்கிழம இவ எதக் கட்டிட்டுப் போவாளோ."

மறுநாள் கம்பெனிக்கு வாராந்திர விடுமுறை. காலை பத்து மணிக்குச் செல்வராணி வந்தாள். கையில் பெரிய கட்டைப்பை. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பையைக் கீழே வைத்தாள். பருத்திச் சேலைகள், துவைத்து மடித்தவை.

"இந்தாங்க. எல்லாம் இருக்கு. என்னோடத எனக்குக் குடுங்க."

"எதுக்கு?" என்றாள் அம்மாச்சி.

"ஓசி வாங்கிக் கட்டுனேன்னு கம்பெனி முழுக்கத் தெரிஞ்சு போச்சு. பதினாலு பேரு முன்னால சொல்லிட்டீக. எங்கம்மா காதுக்குப் போக எம்புட்டு நேரமாகும்?"

"ஓசின்னு எவ சொன்னா? மாத்திக்கிட்டோம். உன்னோடது எங்கிட்ட, என்னோடது உங்கிட்ட."

"ஆசப்பட்டுக் கட்டலன்னு நீங்கதான சொன்னீக?"

"மொதலாளிய மடக்கணும்னா வேற என்னத்தச் சொல்ல?"

"அப்ப எது நெசம்?"

"எதா இருந்தா உனக்கென்ன? உன் சேலையத் தர மாட்டேன்."

"என் கல்யாணச் சேல அம்மாச்சி அது!"

"அதுக்கு? மாத்துனது மாத்துனதுதான். நான் சாகுற மட்டும் கட்டுவேன். செத்தாலும் அந்த மயில்கழுத்தப் போத்தித்தான் தூக்கணும்னு இவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." என்னைக் காட்டினாள். அப்படி எதுவும் அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. "ஆமாம்," என்றேன்.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மாச்சி இடுப்பில் கை வைத்து, கதவை மறித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதே இல்லாதவள், பேராசைக்காரக் கிழவியைப் போல நின்றாள். செல்வராணி அவளையே பார்த்தாள். அந்தப் பை இவர்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டால் மறுநாள் காலையில் வேனில் எந்தச் சேலையோடு ஏறுவாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

செல்வராணி கண்ணைத் துடைத்தாள். பிறகு குனிந்து பையைக் கையில் எடுத்தாள்.

"சரி. மாத்துனது மாத்துனதுதான்," என்றாள். "தீபாவளிக்கு முந்துன வாரம் ரோஸ் கலரு வாங்குனீகள்ல? அடுத்த வாரம் பதிலுக்குத் தாரேன்னு சொன்னீக. அது எங்க? ஒண்ணு கொறையுது. எடுங்க."

அம்மாச்சி பாய்ப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாய்க்கு அடியில் ஒன்றும் இல்லை. இரண்டு வாரமாக நான் எதுவும் கொண்டுவரவில்லை. வீட்டில் இருந்த ஒரே பருத்திச் சேலை அவள் கட்டியிருந்ததுதான். அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த பழுப்புக் கட்டம், தாத்தா இருக்கும்போது எடுத்தது.

"நில்லு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து நிமிடத்தில் ரோஸ் நிறச் சேலையில் வெளியே வந்தாள். கையில் பழுப்புக் கட்டச் சேலை மடிப்பாக இருந்தது.

செல்வராணி அதை வாங்கி இரண்டு விரலால் ஒரு மூலையைக் கசக்கி விட்டாள். சுருக்கம் நின்றது. பையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் ஏழே காலுக்கு வேன் வந்தது. நான் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். செல்வராணி பழுப்புக் கட்டச் சேலையில் வந்தாள். அந்தக் காலத்துத் தறியில் அகலம் குறைவு, அவளோ உயரம். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறி நின்றது. வேனில் இருந்த பெண்கள் ஓ என்று கூச்சல் போட்டார்கள்.

அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். "என்ன அம்மாச்சி, சேல அகலம் பத்தலயே. காலு பூராத் தெரியுது."

"தெரியட்டும்ட்டி," என்றாள் அம்மாச்சி. "தரையில கெடக்குற மருந்துல பொரளாம இருக்கும்ல."